கண்ணாடித் தொட்டியில் ஆமை: அதன் ஆகாரமும் உறைவிடமும்

இந்தியாவின் பெருநகரங்களில் அலங்கார மீன்களை விற்கும் கடைகளுக்குச் செல்வோர், மீன் தொட்டிகளுக்கு அருகே ஓர் அகன்ற பாத்திரத்தில் சில பச்சை நிற ஆமைக் குஞ்சுகள் நீந்திக் கொண்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியதாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் இரு புறமும் சிவந்த கீற்று ஒன்று உண்டு. குழந்தைகள் அதைக் கண்டதும் வேண்டுமென்று கேட்பர். கடைக்காரர் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியையும், உலர்ந்த இறால் அடைத்த டப்பா ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து, இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்று கூறி அனுப்புவார்.

இவ்வாறு வாங்கப்பெற்ற குஞ்சு வீட்டு மேஜையின் மீதோ, பள்ளியின் விஞ்ஞான அறையிலோ வைக்கப்படுகின்றது. முதற் சில வாரங்களில் அது சுறுசுறுப்பாக நீந்துகின்றது; போட்ட இறாலைத் தின்கின்றது. சில மாதங்கள் சென்றபின் அதன் கண்ணிமைகள் வீங்குகின்றன. ஓடு விரலால் அழுத்தினால் வளைகின்றது. ஒரு நாள் காலையில் அது அசைவின்றி மிதக்கின்றது. "நன்றாகத்தானே சாப்பிட்டது?" என்று பிள்ளைகள் கேட்கும்பொழுது பெரியவர்கள் விடை கூற இயலாமல் நிற்கின்றனர்.

விடை கடினமானது அன்று. பசுவுக்கும் கோழிக்கும் தீனி செம்மையாக இருந்தால், கொட்டகையில் உள்ள சிறு குறைகளை அவை பொறுத்துக் கொள்ளும். ஊர்வன இனத்தில் அவ்வாறு இல்லை. வெப்பமும் வெயிலும் தக்க அளவில் கிட்டாத தொட்டியில், எத்துணை நல்ல ஆகாரம் இட்டாலும் அது ஆமையின் உடலில் சேருவதில்லை. ஆகவே ஆகாரத்தைப் பற்றிக் கேட்பவர் முதலில் உறைவிடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். இத்தகைய பிராணிகளைப் பற்றிப் பொதுமக்களிடமிருந்து கேள்விகளைப் பெறும் களப் பணியாளர்களும், வகுப்பறையில் ஏற்கெனவே ஒரு தொட்டியை வைத்திருக்கும் ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

வெளியிலிருந்து பெறும் வெப்பம்

பாலூட்டிகளும் பறவைகளும் தாம் உண்ட உணவின் பெரும் பகுதியைச் செலவிட்டுத் தம் உடலின் உஷ்ணத்தை ஒரே நிலையில் காத்துக் கொள்கின்றன. ஊர்வன அவ்வாறு செய்வதில்லை. அவை வெயிலிலிருந்தும், சூடேறிய கல்லிலிருந்தும், நீரிலிருந்தும் வெப்பத்தைப் பெறுகின்றன. இதனால் அவற்றுக்கு உண்டாகும் ஆதாயம் பெரிது. ஒத்த எடையுள்ள பாலூட்டி ஒன்றுக்குத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் கொண்டே ஓர் ஊர்வனப் பிராணி உயிர் வாழக் கூடும். எனினும், ஜீரணம், தசைகளின் இயக்கம், நோயை எதிர்க்கும் ஆற்றல் ஆகிய யாவும் சுற்றுப்புறத்தின் வெப்பத்தைப் பொறுத்தே நடைபெறுகின்றன. குளிர்ந்த நீரில் கிடக்கும் ஆமை உண்ட ஆகாரம் குடலில் செரியாமல் தங்கி அழுகிவிடும்.

கடைகளில் விற்கப்படும் இந்த ஆமைக்குக் கண்ணுக்குப் பின்னுள்ள சிவப்புக் கீற்றினால் செங்காது ஆமை என்ற பெயர் பொருந்தும். இதன் தாயகம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள மிசிசிப்பி ஆற்றின் படுகையும் அதனை அடுத்த பகுதிகளும் ஆகும். அங்கே அது மெதுவாக ஓடும் நீரிலும் குளங்களிலும் வாழ்கின்றது. காலையில் நீரில் சாய்ந்து கிடக்கும் மரக்கட்டையின் மீது ஏறி வெயில் காய்கின்றது. உடல் சூடேறியதும் நீரில் இறங்கி இரை தேடுகின்றது. உண்டபின் மீண்டும் கட்டையின் மீது ஏறுகின்றது. இவ்வாறு சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிச் சென்று, தனக்கு வேண்டிய உஷ்ண நிலையை அதுவே தேர்ந்து கொள்கின்றது. இந்தத் தேர்வுக்கு இடமளிக்காத பெட்டி எதுவும் ஆமைக்கு உறைவிடம் ஆகாது.

மற்றொன்றும் மனத்திற் கொள்ளத்தக்கது. மெதுவாக வாழும் இப்பிராணி மெதுவாகவே நலிவடையும். பல வாரங்கள் உண்ணாமலும் உயிர் தரித்திருக்கும். உயிருடன் இருக்கின்றது என்பதைக் கொண்டு அது நலமாக இருக்கின்றது என்று முடிவு செய்வது தவறு.

உறைவிடத்தின் அளவு

உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு அந்த அளவிலேயே நின்றுவிடும் என்று எண்ணுவது பெரும் பிழை. செங்காது ஆமையின் பெண் 25 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளம் உடையதாக வளரும். ஆண் சற்றுச் சிறியது. நல்ல பராமரிப்பில் 20 முதல் 40 ஆண்டுகள் வரை வாழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாங்கி வரும் குஞ்சு, அப்பிள்ளை தன் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும் காலத்திலும் உயிருடன் இருக்கக் கூடும்.

தொட்டியின் அளவைக் கணக்கிடுவதற்கு ஓர் எளிய முறை உண்டு. ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 15 லிட்டர் நீர் வேண்டும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆமைக்கு 150 லிட்டரும், முழு வளர்ச்சியுற்ற பெண்ணுக்கு 375 லிட்டரும் தேவை என்று இதனால் விளங்கும். நீரின் ஆழம் ஓட்டின் அகலத்தைக் காட்டிலும் மிகுதியாக இருத்தல் அவசியம். ஆழம் குறைந்த நீரில் மல்லாந்து விழுந்த ஆமை திரும்ப இயலாமல் மூழ்கி இறப்பதுண்டு.

ஆமை உண்ணுவதும் கழிவை விடுவதும் அதே நீரில்தான். ஆகவே நீர் விரைவில் கெடுகின்றது. மீன் தொட்டிகளுக்குப் பயன்படும் வடிகட்டி ஒன்றை, தொட்டியின் கொள்ளளவுக்கு இரு மடங்கு ஆற்றல் உடையதாகத் தேர்ந்து அமைக்க வேண்டும். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். வடிகட்டி இல்லாத சிறு தொட்டியாயின் ஒன்றுவிட்டு ஒரு நாள் நீர் முழுவதையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. தொட்டியின் அடியில் பொடிக் கற்களைப் பரப்பலாகாது. ஆமை அவற்றை விழுங்கிக் குடல் அடைபட்டு மடியும். ஆமையின் தலையைவிடப் பெரிய கூழாங்கற்களால் தீங்கு இல்லை.

நீருக்கு மேலே, ஆமை சிரமமின்றி ஏறி, உடல் முழுவதும் உலரும்படி அமரக் கூடிய திட்டு ஒன்று வேண்டும். கல், செங்கல், மரக்கட்டை ஆகிய எதைக் கொண்டும் இதனை அமைக்கலாம்; சரிந்து விழாதபடி அமைப்பதே முக்கியம். ஓடு நாள்தோறும் நன்கு உலராவிடில் அதன் தகடுகளின் இடையே பூஞ்சணமும் பாக்டீரியாவும் பற்றி, ஓடு குழிகுழியாக அரிக்கப்படும்.

நீரின் வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலும், வெயில் காயும் திட்டின் மேற்பரப்பு 30 முதல் 35 டிகிரி வரையிலும் இருக்க வேண்டும். இரண்டையும் வெப்பமானி கொண்டு அளந்தே அறிய வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துக் கூறுவது போதாது. வீட்டிற்குள் வைத்த தொட்டியில் திட்டின் மேலே ஒரு மின் விளக்கைத் தொங்கவிட்டு இந்த வெப்பத்தைப் பெறலாம். விளக்கு நீரில் விழாதவாறு உறுதியாகக் கட்டப்பட வேண்டும். நீரில் கை வைக்குமுன் மின்சார இணைப்பைத் துண்டிக்கும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே கற்பித்தல் நன்று.

வெயிலும் சுண்ணாம்புச் சத்தும்

விளக்கின் சூடு மட்டும் வெயிலுக்கு ஈடாகாது. சூரிய ஒளியில் அடங்கியுள்ள புறஊதாக் கதிர்களில் ஒரு பகுதி, ஆமையின் தோலில் பட்டு, வைட்டமின் டி உண்டாவதற்குக் காரணமாகின்றது. இந்த வைட்டமின் இருந்தால்தான் குடலிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் சேரும். அது இல்லாவிடில், உண்ட சுண்ணாம்பு முழுவதும் கழிவோடு வெளியேறும். இரத்தத்தில் சுண்ணாம்பின் அளவு குறைந்தால் இதயமும் தசைகளும் இயங்க மாட்டா. ஆகவே உடல் தன் எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக் கொள்கின்றது. ஓடு மென்மையாவதும், கால்கள் வளைவதும், தாடை இளகுவதும் இதன் விளைவுகளே. வெயில் படாத குழந்தைகளுக்கு உண்டாகும் கணை நோய்க்கும் இதற்கும் காரணம் ஒன்றே என்பதை ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக் கூறலாம்.

இங்கே பலர் ஏமாறுவதற்கு இடமுண்டு. சன்னலருகே வைத்த தொட்டியில் வெயில் பளிச்சென்று விழுவதைக் கண்டு, ஆமைக்கு வேண்டியது கிடைத்துவிட்டதென்று நினைக்கின்றனர். சாதாரணச் சன்னல் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விட்டு, வைட்டமின் டி உண்டாவதற்கு வேண்டிய கதிர்களைத் தடுத்துவிடுகின்றது. தொட்டியின் கண்ணாடியும் அவ்வாறே செய்கின்றது. இடையே கண்ணாடி இல்லாத நேர் வெயிலே பயன்படும்.

இந்தியாவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. காலை வேளையில் அரை மணி நேரம் ஆமையை அகன்ற பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் சிறிது நீருடன் வெளியே வைத்தால் போதுமானது. தொட்டியின் பாதி நிழலில் இருக்க வேண்டும். யாரேனும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். காகமும் பருந்தும் நாயும் பூனையும் குஞ்சுகளைத் தூக்கிச் செல்லும். கண்ணாடித் தொட்டியையே வெயிலில் வைப்பது எக்காலத்தும் கூடாது. சிறிது நேரத்திற்குள் நீர் கொதித்தாற்போல் சூடேறி ஆமை இறந்துவிடும். வெயில் கிட்டாத இடங்களில் ஊர்வனவற்றுக்கென்றே செய்யப்படும் புறஊதா விளக்கைப் பயன்படுத்தலாம். அது தொடர்ந்து எரிந்து கொண்டிருந்தாலும் வேண்டிய கதிர்கள் நாளடைவில் குறைந்துவிடும். ஆதலால் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறை அதனை மாற்றுதல் வேண்டும்.

இடவசதியுள்ள பள்ளிகளுக்கு முற்றத்தில் கட்டும் சிமெண்டுத் தொட்டியே சாலச் சிறந்தது. அதன் ஒரு பக்கம் சரிவாக உயர்ந்து மண் திட்டில் முடிய வேண்டும். மேலே கம்பி வலையும், பாதிப் பரப்பிற்குக் கூரை நிழலும் வேண்டும். ஆமைகள் நன்றாக ஏறக் கூடியவையாதலால் சுவரின் விளிம்பு உட்புறமாக நீண்டிருக்க வேண்டும். மண் திட்டு வளர்ந்த பெண் ஆமைக்கு இன்றியமையாதது. ஆண் இல்லாத நிலையிலும் அது கருவற்ற முட்டைகளை இடுவதுண்டு. மண்ணைத் தோண்ட இடம் கிட்டாவிடில் முட்டைகள் உடலிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும்.

ஆகாரம்

காட்டில் செங்காது ஆமை பலவகை உணவையும் உண்ணும். இளம் பருவத்தில் புழு, பூச்சி, நத்தை, சிறு மீன் ஆகியவற்றை மிகுதியாகத் தின்னும். வயது ஏற ஏற நீர்த் தாவரங்களின் பங்கு உயரும். இந்த மாறுதலைப் பின்பற்றியே தொட்டியிலும் ஆகாரம் அளிக்க வேண்டும்.

குஞ்சுகளுக்கு நாள்தோறும் ஒரு வேளை போதும். வளர்ந்தவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒரு முறை அளித்தல் தகும். அளவைப் பொறுத்தவரை, ஆமையின் தலையளவே ஒரு வேளை மாமிச உணவு என்று கொள்ளலாம். ஆமை ஆவலோடு கழுத்தை நீட்டுவதைப் பசியின் அடையாளமாகக் கொண்டு மேன்மேலும் இடுவது தவறு. தீனி கண்டால் அது எப்பொழுதும் அவ்வாறே செய்யும். மிகுதியாக உண்டால் உடல் கொழுத்து, கால்களை ஓட்டினுள் இழுத்துக் கொள்ளவும் இயலாமற் போகும். ஆகாரத்தை நீரிலேயே இட வேண்டும். இவ்வாமை நீரின் துணையின்றி விழுங்க இயலாது.

இடத்தக்கவை வருமாறு: எலும்புடன் கூடிய சிறு நன்னீர் மீன், மண்புழு, ஓட்டுடன் கூடிய புதிய இறால், ஆமைகளுக்கென்று தயாரிக்கப்படும் தரமான குருணைத் தீனி; தாவரங்களில் பாசி இனங்கள், நீரில் மிதக்கும் சிறு செடிகள், முருங்கைக் கீரை, துருவிய காரட்டு, பூசணி. கடல் நுரை என்று நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் கணவாய் ஓட்டின் துண்டு ஒன்றை நீரில் மிதக்க விட்டால், ஆமை வேண்டிய பொழுது அதனைக் கடித்துச் சுண்ணாம்புச் சத்தைப் பெறும்.

தவிர்க்க வேண்டியவற்றுள் முதலாவது, உலர்ந்த இறாலை மட்டுமே இடும் வழக்கமாகும். அதில் வைட்டமின் 'ஏ' சத்து மிகக் குறைவு. முட்டையிலிருந்து வெளிவரும்பொழுது குஞ்சின் உடலிலுள்ள சேமிப்பு சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் கண்ணிமைகள் வீங்கி மூடிக் கொள்ளும். தீனியைக் கண்ணால் காண இயலாத ஆமை உண்பதை நிறுத்திவிடும். முதலில் கூறிய குஞ்சின் முடிவு இவ்வாறு நேர்ந்ததே.

எலும்பில்லாத இறைச்சித் துண்டுகளை மட்டும் இடுவதும் கேடு. ஆமையின் உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு இருந்தால் சுண்ணாம்பு இரு பங்கு இருத்தல் வேண்டும். வெறும் இறைச்சியிலோ சுண்ணாம்பைப் போல் 15 மடங்கு அல்லது அதற்கும் மேல் பாஸ்பரஸ் உள்ளது. பாலக் போன்ற கீரைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிணைத்து உடலில் சேராமற் செய்யும். எப்பொழுதேனும் ஒரு முறை இடலாமேயன்றி வழக்கமாக்கலாகாது. சோறு, ரொட்டி, பிஸ்கோத்து, பால் ஆகியவை எவ்விதத்திலும் ஏற்றவை அல்ல. பிள்ளைகள் தம் சிற்றுண்டியில் ஒரு பகுதியை அன்புடன் தொட்டியில் போடுவது இயல்பு. தொட்டியருகே இடத்தக்கவை, இடத்தகாதவை என்னும் இரு பட்டியல்களை எழுதி ஒட்டிவைத்தல் இதற்கு நல்ல பரிகாரம்.

பருவங்களுக்கு ஏற்ற கவனிப்பு

தென்னிந்தியக் கடற்கரை மாவட்டங்களில் ஆண்டின் பெரும் பகுதியில் நீரைச் சூடாக்க வேண்டிய தேவை எழுவதில்லை. வட இந்தியச் சமவெளிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நிலைமை வேறு. இரவில் நீரின் வெப்பநிலை வெகுவாகத் தாழ்ந்து, பகலில் சற்றே ஏறும். ஆமை முழுமையாக உறங்கவும் முடியாமல், உண்டதைச் செரிக்கவும் முடியாமல் இடைநிலையில் தவிக்கும். நிமோனியா பற்றுவது பெரும்பாலும் இக்காலத்திலேயே. வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் நீர்ச்சூடாக்கி ஒன்றை உறையுடன் பொருத்துவதே தக்க வழி. அது இயலாத இடத்தில், குளிர்ந்த நாட்களில் ஆகாரம் இடுவதையேனும் நிறுத்திவைக்க வேண்டும். கோடையில் நேர்மாறாக, நீர் 30 டிகிரிக்கு மேல் ஏறாதபடி தொட்டியை நிழலுக்கு மாற்றுவது அவசியம். நீண்ட விடுமுறைகளில் பள்ளித் தொட்டியைக் கவனிக்கும் பொறுப்பு ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைக்கப்பட வேண்டும்.

சுகாதாரம்

நலமாகக் காணப்படும் ஆமையின் குடலிலும் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா இருக்கக் கூடும். அது ஆமைக்குத் தீங்கு செய்யாமல், மனிதருக்குக் கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும். குழந்தைகள் சிறு ஆமைகளை வாயில் வைத்துக் கொண்டதாலும் கையாண்டதாலும் நோய் பரவியதைக் கண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசு 1975-ஆம் ஆண்டில் ஓட்டின் நீளம் 4 அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. ஆமையையோ தொட்டி நீரையோ தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் கட்டாயமாக்கப்பட வேண்டும். தொட்டியைச் சமையலறையில் கழுவலாகாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள இடத்தில் ஆமை வளர்ப்பதைத் தவிர்ப்பதே நன்று.

வளர்க்கக் கூடாத ஆமைகள்

இதுகாறும் கூறியவை அயல்நாட்டு இனமான செங்காது ஆமையைப் பற்றியவை. நம் நாட்டு ஆமைகளைப் பொறுத்தவரை கேள்விக்கே இடமில்லை. நட்சத்திர ஆமை, பால் ஆமை முதலியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். 2022-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற இச்சட்டத்தின்படி, முதல் அட்டவணைப் பிராணிகள் தொடர்பான குற்றத்திற்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். நட்சத்திர ஆமை வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்ற நம்பிக்கை இக்கடத்தலுக்குத் துணைபுரிகின்றது. 2019-ஆம் ஆண்டில் அதன் சர்வதேச வர்த்தகமும் தடை செய்யப்பட்டது.

களப் பணியாளர்கள் கடைகளில் ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா ஆகிய ஆறுகளின் படுகைகளில் வாழும் இந்தியக் கூரை ஆமைக்கும் கண்ணுக்குப் பின்னால் செம்மஞ்சள் அடையாளம் உண்டு. அதன் முதுகோடு வீட்டுக் கூரையைப் போல் நடுவில் உயர்ந்து, ஒரு கூரிய முனையுடன் காணப்படும். செங்காது ஆமையின் ஓடு தாழ்ந்து வழுவழுப்பாக இருக்கும். கூரை ஆமையும் முதல் அட்டவணையில் உள்ளதே. அதனை விற்பனையில் கண்டால் வன இலாகாவுக்கு உடனே தெரிவித்தல் கடமையாகும்.

அயல்நாட்டுப் பிராணிகளிலும், சர்வதேச வர்த்தக உடன்பாட்டின் பட்டியல்களில் அடங்கியவற்றை வைத்திருப்போர், 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தின் வாயிலாக அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். தாம் வைத்திருக்கும் பிராணி அவற்றுள் ஒன்றா என்பதை வன இலாகா அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நலம்.

குளத்தில் விடுவது தருமம் ஆகாது

ஆமை வளர்ந்து தொட்டியை நிறைத்ததும், பராமரிக்க இயலாதவர்கள் அதனை அருகிலுள்ள குளத்திலோ கோயில் திருக்குளத்திலோ விட்டுவிடுகின்றனர். உயிருக்கு விடுதலை அளித்ததாக அவர்கள் எண்ணுகின்றனர். இச்செயலால் விளையும் தீங்கு மிகப் பெரிது. செங்காது ஆமை, உலகில் பெருங்கேடு விளைவிக்கும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. பிரான்சில் நடத்தப்பெற்ற ஆராய்ச்சிகளில், அது உள்நாட்டுக் குள ஆமைகளை வெயில் காயும் நல்ல இடங்களிலிருந்து விலக்கியதும், சேர்ந்து வாழ்ந்த உள்நாட்டு ஆமைகளின் எடை குறைந்ததும் காணப்பட்டன. வெயில் காய்வது ஆமைக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை மேலே கண்டோம். அந்த இடத்தை இழந்த ஆமை, தீனி இருந்தும் நலியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகள் 1997-ஆம் ஆண்டிலேயே இதன் இறக்குமதியைத் தடுத்தன. இந்தியாவிலும் இது பல நீர்நிலைகளில் காணப்பட்டுள்ளது. குவாஹாத்தி நகரில் தீபோர் பீல் என்னும் நன்னீர்ப் பரப்பிலும், உக்ரதாரா ஆலயத்தின் குளத்திலும் இது கண்டறியப்பட்டது. அஸ்ஸாமின் ஆலயக் குளங்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. 2002-ஆம் ஆண்டில், காட்டில் அற்றுப்போன இனம் என்று அறிவிக்கப்பட்ட கருமை நிற மென்னோட்டு ஆமை, பக்தர்களின் பாதுகாப்பினால் இத்தகைய குளங்களிலேயே பிழைத்திருந்தது. ஹாஜோவிலுள்ள ஹயக்ரீவ மாதவர் ஆலயக் குளத்து முட்டைகளிலிருந்து பொரிக்கப்பெற்ற குஞ்சுகள் பின்னர் இயற்கை நீர்நிலைகளில் விடப்பட்டன. பல தலைமுறைகளின் பக்தி காத்துத் தந்த இனத்திற்கு, ஒரு கடையில் வாங்கிய ஆமை போட்டியாக வந்து சேர்வது வருந்தத்தக்கது. கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம், செங்காது ஆமைகளை நீரில் விடாமல் தன்னிடம் ஒப்படைக்குமாறு பொதுமக்களைக் கேட்டுக் கொண்டது. மற்ற இடங்களில், வளர்க்க இயலாதவர்கள் மாவட்ட வன அலுவலரையோ அருகிலுள்ள மிருகக்காட்சி சாலையையோ கேட்டு அதன்படி நடக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

புதிதாக ஆமை வாங்க வேண்டுமா என்று கேட்கும் பள்ளிக்குத் தரத்தக்க ஆலோசனை, வேண்டாம் என்பதே. முப்பது ஆண்டுப் பொறுப்பை ஒரு வகுப்பின் ஓராண்டு ஆவலுக்காக ஏற்பது முறையன்று. ஊரின் குளக்கரையில் வெயில் காயும் ஆமைகளைத் தூரத்திலிருந்து காண்பித்தாலே மாணவர் பலவற்றைக் கற்றுக் கொள்வர்.

ஏற்கெனவே ஆமை உள்ள பள்ளியில், அதற்கென ஒரு குறிப்பேடு வைக்கப்பட வேண்டும். நாள்தோறும் நீரின் வெப்பநிலை, திட்டின் வெப்பநிலை, இட்ட ஆகாரம், வெயிலில் வைத்த நேரம் ஆகியவற்றை மாணவர் முறைவைத்து எழுதலாம். மாதம் ஒரு முறை ஆமையின் எடையையும் ஓட்டின் நீளத்தையும் அளந்து வரைபடத்தில் குறிக்கலாம். எடை தொடர்ந்து குறைதல், கண் வீங்குதல், மூக்கில் நீர் வடிதல், ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதத்தல், ஓடு மென்மையாதல் ஆகிய அறிகுறிகளில் ஒன்று காணப்பட்டாலும் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். கண் வீக்கத்திற்குத் தாமே வைட்டமின் மருந்து வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது. அளவு மிஞ்சினால் ஆமையின் தோல் உரிந்துவிடும். மருத்துவரிடம் செல்லும்பொழுது குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். ஆமை எப்பொழுது நலிவடையத் தொடங்கியது என்பதையும், அந்நாட்களில் நீர் எத்துணைக் குளிர்ந்திருந்தது என்பதையும் அவர் அதிலிருந்து அறிந்து கொள்வார்.